நீர் ஒட்டாத தாள்

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், ஐப்பசி மழையில் கூரை ஒழுகிச் சேர்க்கைப் பதிவேடு நனைந்தது. ஓர் ஏழை மாணவனின் பிறந்த தேதி மையோடு கரைந்து போயிற்று. அதனை மெய்ப்பிக்க அவன் தந்தை பல மாதங்கள் அலைந்தார்.

தாள் நீரைக் குடிப்பானேன்? அதன் செல்லுலோஸ் இழைகள் நீரை விரும்புவன. இழைகளின் இடைவெளிகளோ நுண்குழல்களைப்போல் நீரை உள்ளிழுப்பன. அவ்விழைகளுக்கு நீரை வெறுக்கும் மெல்லிய போர்வையைப் போர்த்தினால் என்ன? அமெரிக்க வேதியியலார் பாட்னோட் இதற்கொரு முறை கண்டு 1942-இல் காப்புரிமை பெற்றார். மீதைல் குளோரோசிலேன் ஆவியில் தாளைச் சிறிது நேரம் காட்டினால், கண்ணுக்குப் புலனாகாத சிலிக்கோன் படலம் இழைகளின்மேல் படியும். அதன்பின் நீர் முத்துமுத்தாய்த் திரண்டு உருளும். தாமரையிலையில் மெழுகும் நுண்மேடுகளும் கூடிச் செய்வதை, இங்கே படலமும் இழைகளின் சொரசொரப்பும் கூடிச் செய்கின்றன.

ஆயின் ஓர் எச்சரிக்கை. இவ்வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அம்மோனியா ஆவியால் அதனை உடனே நடுநிலைப்படுத்தாவிடில், அவ்வமிலமே இழைகளை அரித்துத் தாளை நொறுங்கச் செய்யும். மழைக்குத் தப்பிய தாள் அமிலத்திற்கு இரையாகலாமா? பள்ளிப் பதிவேடு ஒரு மழைக்காலத்திற்கு மட்டுமன்றி, அம்மாணவனின் ஆயுள் முழுமைக்கும் நிற்கவேண்டுமன்றோ?