இளைஞர் பந்தாட்டமும் நாடுகளின் நட்பும்

சித்திரைப் புத்தாண்டு பிறந்துவிட்டால் மொனராகலை, பதுளை மாவட்டங்களின் கிராமத் திடல்களில் எல்லே ஆட்டம் களைகட்டும். மூங்கிற் கழியொன்றும் ரெனிஸ் பந்தொன்றும் இருந்தாற் போதும். பந்தை ஓங்கி அடித்தவன், இடையிடையே உள்ள தரிப்பிடங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்திற்கே ஓடிவர முயல்வான். அவன் அடித்த பந்து நிலத்திற் படுமுன் பிடிக்கப்பட்டாலும், ஓடும்போது எதிரணியினர் எறிந்த பந்து அவன்மேற் பட்டாலும் ஆட்டமிழப்பான். கிராமத்து மண்ணில் வளர்ந்த இவ்விளையாட்டு இன்று பாடசாலைகளுக்கிடையிலான போட்டியாகவும் நிலைபெற்றுள்ளது.

எல்லே அறிந்த நேயர்களுக்குப் பேஸ்போல் முற்றிலும் புதியதன்று. அதில் அணிக்கு ஒன்பதின்மர். சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைந்திருக்கும். தளங்களுக்கிடையே வளர்ந்தோர் திடலில் 90 அடியும் சிறுவர் திடலில் 60 அடியும் இடைவெளி உண்டு. நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஓடுபவன்மேற் பந்தை எறிவது மட்டும் இங்கு கூடாது. பந்தைக் கையிற் கொண்டு அவனைத் தொடவேண்டும், அல்லது அவன் சேரவேண்டிய தளத்திற்குப் பந்து முந்திச் சேரவேண்டும். பந்து வேறு, மட்டை வேறு எனினும் கண்ணும் காலும் பெறும் பயிற்சி ஏறக்குறைய ஒன்றே.

இவ்விளையாட்டு சிறுவர்க்குரிய பேரியக்கமாக வளர்ந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போட் நகரிலாகும். அங்கு 1939ஆம் ஆண்டில் லிட்டில் லீக் அமைப்புத் தொடங்கிற்று. 1957இல் மெக்சிக்கோவின் மொன்ரெரே நகரத்துச் சிறுவர்கள் எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து அமெரிக்காவினுட் புகுந்தனர். அவ்வாண்டின் இறுதிப்போட்டியிலும் வென்றனர். அமெரிக்கர் அல்லாத அணியொன்று அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

இலங்கைக்குப் பேஸ்போலின் தொடர்பு பெரிதும் யப்பான் வழியாக வலுப்பெற்றது. 1942 ஏப்ரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசிய நாடு யப்பான். எனினும் 1951ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாகிய ஜே. ஆர். ஜயவர்தன, போர் இழப்பீடு வேண்டாமென்று கூறி, பகைமையைப் பகைமையால் தணிக்க இயலாது என்னும் புத்தர் போதனையை நினைவூட்டினார். அந்நன்றியை யப்பானியர் மறக்கவில்லை. பின்னாளில் யப்பானியத் தொண்டர்கள் இலங்கை இளைஞர்க்குப் பேஸ்போல் பயிற்றினர். ஹோமாகமையை அடுத்த தியகமவில் யப்பானின் உதவியுடன் இலங்கை-யப்பான் நட்புறவு பேஸ்போல் மைதானமும் எழுந்தது. 2018 செப்டெம்பரில் யப்பானின் மியாசாகி நகரில் நிகழ்ந்த பதினெட்டு வயதிற்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் இலங்கை இளைஞர்கள் யப்பானிய அணியை எதிர்த்தாடிப் பெருந்தோல்வி கண்டனர். ஆயினும் ஆசானுக்கெதிரே நின்று ஆடும் தகுதியைப் பெற்றதே மாணாக்கனுக்கு ஒரு பேறன்றோ?

கைகுலுக்கலும் கொடியேற்றமும் நட்பின் புறத்தோற்றங்களே. அதன் உட்பொருளை அறிய உகாண்டா நாட்டுச் சிறுவரின் வரலாற்றை நோக்குதல் தகும். 2011ஆம் ஆண்டில் அந்நாட்டின் கம்பாலா நகரத்து அணி மத்திய கிழக்கு, ஆபிரிக்க வலயப் போட்டியில் வென்று வில்லியம்ஸ்போட் செல்லும் உரிமை பெற்றது. ஆனால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் முரண்பாடுகள் உள்ளனவென்று நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. அவர்களை முதலில் எதிர்த்தாட இருந்தவர்கள் கனடாவின் லாங்லி நகரத்துச் சிறுவர்கள். ஆட்டமில்லாமற் போயிற்றே என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. 2012 ஜனவரியில் ஆபிரிக்காவிற்கே சென்று உகாண்டாச் சிறுவருடன் ஆடினர். அவ்வாண்டே உகாண்டாவின் லுகாசி அணி வில்லியம்ஸ்போட்டை அடைந்தது. உலகப் போட்டியில் ஆடிய முதல் ஆபிரிக்க அணி என்னும் பெருமையும் பெற்றது. வரமுடியாதவனைத் தேடிச் சென்றதே நட்பு.

இவ்வரலாறு ஊவா மலைநாட்டினர்க்கு அந்நியமானதன்று. பிள்ளைகளின் பயணம் ஒரு காகிதத்தால் தடைப்படுவதன் பொருளைப் பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டத்து மூத்தோர் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. ஒரே லயத்தில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகளுட் சிலர் இந்தியாவிற்குக் கப்பலேறினர். சிலர் இங்கே தங்கினர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே எஞ்சியோர் குடியுரிமை பெற்றனர். நாடற்ற தந்தையின் மகன் எந்நாட்டுக் கொடியின்கீழ் நின்று ஆடியிருப்பான்? சட்டத்தின் கதவு இன்று திறந்திருக்கிறது. வெளிநாட்டுப் போட்டிக்கு வேண்டிய கடவுச்சீட்டைத் தோட்டத்துப் பிள்ளையும் பெறலாம்.

ஆனால் சட்டம் திறந்த கதவுவரை நடந்துசெல்லப் பாதையும் வேண்டும். மொனராகலையிலிருந்து தியகம இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. தேயிலை மலைச்சரிவுகளில் மட்டமான நிலம் கிடைப்பது அரிது. கிடைக்கும் சிறு திடலும் மழைக்காலத்திற் சேறாகும். கையுறையும் முகக்கவசமும் நாட்கூலிக் குடும்பத்தின் கைக்கு எட்டுவனவல்ல. பயிற்றுநர் நகரத்திலேயே தங்கிவிட்டால், மலையில் உள்ள திறமை மலையிலேயே அடங்கிவிடும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? எல்லே ஆட்டத்தையே முதற்படியாகக் கொள்ளலாம். சிங்களப் பாடசாலையும் தமிழ்ப் பாடசாலையும் ஒரே திடலிற் கூடி, இருமொழிப் பிள்ளைகளும் கலந்த அணிகளாய் ஆடலாம். பந்தைப் பிடிக்க விரையும் இருவர் மோதிக்கொள்ளாதிருக்க ஒருவர் மொழியை மற்றவர் சிறிதேனும் கற்றேயாகவேண்டும். அங்கே தேர்ந்தவர்க்குப் பேஸ்போல் பயிற்றுவிக்கப் பயிற்றுநர் மாதமொருமுறையேனும் மலையேறி வருதல் வேண்டும். கடல்கடந்த நாட்டாருடன் நட்புக் கொள்ளும் தகுதி, அடுத்த ஊராருடன் ஒரே அணியில் நின்று ஆடுவதிலேயே தொடங்குகிறது. லாங்லிச் சிறுவர்கள் ஒரு கண்டத்தைக் கடந்து சென்றனர். ஊவாவிற் கடக்கவேண்டியது பெரும்பாலும் ஓர் ஓடையும் ஒரு தேயிலை வரிசையுமே.