ஆட்டக்களத்து ஆசிரியர்



திருத்தணிகை மலைக்குப் படிகள் 365 என்பதை நீங்கள் அறிவீர்கள். இவ்வூரில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் குடியரசுத் தலைவரான 1962-ஆம் ஆண்டில்தான் அந்நாள் முதன்முதலாக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பெற்றது. அதற்கு முந்திய நாள், செப்டம்பர் 4 அன்று, ஜாகர்த்தா நகரில் வேறோர் ஆசிரியர் தமது மாணவர்களுடன் பெருஞ்சோதனை ஒன்றை எதிர்கொண்டார். சையத் அப்துல் ரஹீம் என்னும் அப்பெரியாரைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

ரஹீம் 1909-இல் ஐதராபாத்தில் பிறந்தார்; பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். உஸ்மானியாப் பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர்க் கழகங்களிலும் கால்பந்து ஆடினாரேனும், அவர் பெற்ற பெரும்புகழ் ஆட்டத்தினால் வந்ததன்று, கற்பித்ததனால் வந்தது. 1950 முதல் ஐதராபாத் போலீஸ் அணியைப் பயிற்றுவித்தார். அவ்வணி 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றதும் அவர் பயிற்சியில்தான்.

ஆனால் மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றோம். நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடினர். ரஹீம் அத்தோல்வியையே பாடமாகக் கொண்டார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு உருட்டிச் செல்லக் கூடாது என்ற விதியுடன் சில பந்தயங்கள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டுமென்று வேறு சில நடத்தினார். ஒருவன் திறமை பதினொருவர் திறமையாக வேண்டும் என்பதே அவர் கருத்து. 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையை இந்தியா பெற்றது. நான்காம் இடமும் கிட்டியது.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பள்ளியில் கால்பந்து அணியைப் பழக்கி வந்தேன். எல்லைக்கு அப்பாலுள்ள ஆந்திரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் காலைப் பயிற்சிக்கு நாள்தோறும் தாமதமாகவே வருவான். ஒழுங்கில்லாதவன் என்று கருதி அவனை நீக்கிவிட்டேன். அவன் அத்தனை தொலைவும் நடந்தே வந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரஹீம் கேட்டறிந்தார். சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பலராம் என்னும் இளைஞர், பயிற்சிக்கு வந்துபோகப் பொருளில்லை என்றார். வாடகை சைக்கிளுக்குப் பணம் தந்து அவரை வரவழைத்தார் ரஹீம். அவ்விளைஞரே மெல்போர்னிலும் ஜாகர்த்தாவிலும் நாட்டுக்காக ஆடினார்.

ஜாகர்த்தாவில் ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காதது பற்றி இந்தியப் பிரதிநிதி ஒருவர் எழுப்பிய ஆட்சேபத்தால், பார்வையாளர் நம் அணியை இகழ்ந்து கூவினர். முதல் ஆட்டத்தில் நம்மை 2–0 என்று வென்ற தென்கொரியாவே இறுதியிலும் எதிர்நின்றது. தலையில் தையலிட்ட காயத்துடன் இருந்த ஜர்னைல் சிங்கை, தற்காப்பிலிருந்து மாற்றி முன்னணியில் நிறுத்தியிருந்தார் ரஹீம். பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் மற்றொன்று அடித்தார். 2–1 என்று தங்கம் நமதாயிற்று. ஒன்பது திங்களுக்குப் பின், 1963 ஜூன் 11-இல் ரஹீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

நாளை உங்களுள் பலர் ஆசிரியர் ஆவீர்கள். தாமதமாக வரும் மாணவனை வெளியே நிறுத்துமுன், அவன் எவ்வாறு வந்தான் என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.