மேலே போனது கீழே வரும்



பலூன் விடுவது சுலபம். தேடி எடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1987இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் பில் பிரவுன் என்ற வானொலிப் பிரியர், சிறு வானொலிக் கருவியைப் பலூனில் கட்டி வானுக்கு அனுப்பினார். இன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளே பலூன் விடுகிறார்கள்.

ஹீலியம் அடைத்த பலூன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். பலூன் பருத்துக்கொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் 'பட்'டென்று வெடிக்கும். கேமராவும் வெப்பமானியும் வைத்த பெட்டி பாரசூட்டில் இறங்கும். காற்று அதை எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் முன்கூட்டியே காற்றின் போக்கைக் கணக்குப் போட்டு, விமானத் துறையின் அனுமதி வாங்கி, பெட்டிமேல் விலாசமும் எழுதுகிறார்கள். வானொலிக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தேடிப் போகிறார்கள். பெட்டி கிடைக்காவிட்டால் எடுத்த படமும் போச்சு, பட்ட பாடும் போச்சு!

நம் நாட்டு வானிலைத் துறையும் கோத்தா பாரு, குவாந்தான் முதலிய இடங்களிலிருந்து பலூன் விடுகிறது. ஆகவே, பால்மரக் காட்டிலோ செம்பனையிலோ அப்படியொரு பெட்டி கிடந்தால், பயந்துபோய் எரித்துவிடாதீர்கள். மின்கம்பியில் சிக்கியிருந்தால் கிட்டவே போகாதீர்கள். தரையில் கிடந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு அதன்மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று அன்றைக்குத் தெரியும்.