மரமேறியின் கச்சை



அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு ஒரு கடிதமும் ஒரு நிழற்படமும் அனுப்பியிருந்தார். படத்தில், நெடுமரம் ஒன்றின் நடுப்பகுதியில் ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் போல அந்தரத்தில் அமர்ந்திருந்தார். கையில் வில், இடுப்பிலும் தொடைகளிலும் அகன்ற வார்கள், மரத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு கயிறு அவரைத் தாங்கியது. வெள்ளைவால் மானை வேட்டையாடுவோர் சிலர் அந்நாட்டில் இவ்வாறு மணிக்கணக்காகக் காத்திருப்பதுண்டு. எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. நான் மானின் பக்கம் நிற்பவன். ஆயினும் கடிதத்தின் இறுதி வரி என்னை விடவில்லை. "ஐயா, இந்தக் கச்சை ஒன்றை அண்ணனுக்கு வாங்கி அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தார்.

அம்மாணவருடைய தந்தையார் பனையேறி. மகன் எட்டாம் வகுப்பில் படித்தபோது, பதனீர்க் காலத்தில், மரத்திலிருந்து விழுந்து இறந்தார். செய்தி சொல்ல வந்தவர் என் வகுப்பு வாசலில் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அண்ணன் படிப்பை விட்டு அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டார், இன்றும் ஏறுகிறார். ஆதலால் ஒரு சொல்லில் விடை எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் தடையின்றி விழுகிறார் என்க. கயிறு அவரைப் 10 சென்டிமீட்டர் தூரத்திற்குள் நிறுத்திவிட்டால், அவர் உடல்மேல் விழும் சராசரி விசை அவருடைய எடையைப்போல் 21 மடங்கு. ஏறத்தாழ 1,365 கிலோகிராம் பாரத்திற்கு ஒப்பு. அதே வீழ்ச்சியை 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால், விசை 3 மடங்கே. கயிறு அறாமல் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கயிறு அறாது, முதுகெலும்பு முறியும். அமெரிக்காவில் 1998 சனவரி 1 முதல், தொழிலிடங்களில் விழுவோரைத் தாங்கிப் பிடிக்க வெறும் இடுப்பு வாரைப் பயன்படுத்தலாகாது என்று விதி செய்தமைக்குக் காரணம் இதுவே. தோள், மார்பு, தொடை ஆகிய எல்லாவற்றிலும் விசையைப் பகிர்ந்தளிக்கும் முழுவுடற் கச்சைதான் வீழ்ச்சிக்கு உரியது.

அங்ஙனமாயின் வேட்டைக்காரர் இடுப்பு, தொடைக் கச்சையோடு எப்படி அஞ்சாமல் அமர்கிறார்? அவர் விழுவதே இல்லை. கயிறு எப்போதும் அவர் இடுப்புக்கு மேலே, தொய்வின்றி, அவர் பாரத்தைச் சுமந்துகொண்டே இருக்கிறது. ஏறும்போது மரத்தைச் சுற்றிய வேறொரு கயிற்றை மேலே தள்ளித் தள்ளிக் கொண்டு செல்கிறார். கயிற்றின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சுருக்கு முடிச்சு உண்டு. தளர்ந்தால் நகரும், பாரம் ஏறினால் இறுகும். கார்ல் புருசிக் என்னும் ஆஸ்திரிய மலையேறி 1931 இல் அறிமுகப்படுத்திய அம்முடிச்சு அவர் பெயராலேயே வழங்குகிறது. கயிறு தொய்ந்திருக்கும் நேரத்தில் கால் வழுக்கினால், அந்தக் கச்சையும் இடுப்பு வாரும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கச்சை வாங்குவோர் கடையில் அணிந்து பார்த்து மகிழ்ந்தால் போதாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அரைமணி நேரம் அதில் தொங்கிப் பார்க்க வேண்டும். இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே நிற்கிறதா, தொடை வாருக்குள் விரித்த கை நுழைகிறதா, மரத்துப்போகிறதா என்பவை அப்போதுதான் தெரியும். கால் அசையாமல் தொங்குவோருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். அதனால் மிதித்து நிற்க ஒரு கால் வளையமும் உடனிருக்க வேண்டும்.

இனிப் பனைக்கு வருவோம். வேட்டைக்காரர் ஒரே மரத்தில் ஒரு பொழுது முழுவதும் இருக்கிறார். பனையேறியோ பல மரங்களில், நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறார். கால்களில் தளைநாரும் கைகளின் வலிமையுமே அவருக்குத் துணை. தண்டிலிருந்து கொண்டைக்குள் புகும் அந்தக் கணமே ஆபத்தானது. கட்டிய கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். எனவே அவருக்கு இரண்டு கயிறுகள் தேவை: இரண்டாவதை மாட்டிய பிறகே முதலாவதை அவிழ்ப்பது. உலர்ந்த மட்டையை ஒருபோதும் நம்பலாகாது.

இன்னும் இரண்டு செய்திகள் உள. தீட்டிய பாளை அரிவாள் அவர் கையில் இருக்கிறது. பாரத்தால் விறைத்து நிற்கும் நைலான் கயிறு கூர்மையான அலகு பட்ட மாத்திரத்தில் அறும். ஆகவே உள்ளே எஃகு வடம் ஓடும் கயிறே வேண்டும். மற்றொன்று சுண்ணாம்பு. பதனீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு அவர் கையிலும் வாரிலும் படியும். காரம் பாலியெஸ்டரை அரிக்கும். அமிலம் நைலானை அரிக்கும். பனையேறிக்கு நைலான் வாரே ஏற்றது. வெயில் இரண்டையும் நலிவிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நிழலில் வைக்க வேண்டும். வேதியியல் பாடம் தேர்வுக்கு மட்டும் என்று என்னிடம் வாதிட்ட மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என நம்புகிறேன்!

ஆகவே வேட்டைக் கச்சை வேண்டா, முழுவுடற் கச்சையும் எஃகு வடக் கயிறுகள் இரண்டும் அனுப்புக என்று எழுதினேன். அனுப்பினார். நான் ஊருக்குச் சென்று அண்ணனைக் கண்டேன். அவர் கச்சையைக் குறை கூறவில்லை. "கட்டி அவிழ்க்க மரத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகுதுங்க ஐயா. நாப்பது மரம், ரெண்டு நேரம். நீங்களே கணக்குப் போடுங்க" என்றார். போட்டேன், நாளுக்கு 160 நிமிடம். இரண்டு மணி நாற்பது நிமிட நேரக் கூலியை யார் தருவார் என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

நெடிய மரங்கள் ஏழுக்கு மட்டும் இப்போது அவர் கச்சை அணிகிறார். அவற்றுள் ஒன்று, அவர் தந்தையார் விழுந்த மரம்.