நோயாளியின் அருகில் நிற்பவர் யார்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஹஜ்ரத், அரசு மருத்துவமனைக்குப் போகலாமா, தனியாருக்குப் போகலாமா?" என்று நம்மிடம் ஆலோசனை கேட்டு வராத மாதமில்லை. நாம் மருத்துவரல்லர். ஆயினும் நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும் கடமையினால் இரு இடங்களையும் கண்டிருக்கின்றோம்.

நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். குளிரூட்டப்பட்ட அறை, இன்முகத்துடன் செவிலியர். அறுவை சிகிச்சையை மருத்துவர் படம் வரைந்தே விளக்கினார். ஆனால் மகன் தந்தையின் அருகில் இல்லை. பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தார். முன்பணத்திற்காக மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது. "எல்லாம் விளக்கினார்கள் ஹஜ்ரத். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் கடைசி நாளில்தான் சொன்னார்கள்" என்றார்.

அதே வாரம் மூதாட்டி ஒருவர் சர்க்கரை நோயினால் கால் புண்ணாகி அரசு மருத்துவமனை ஒன்றில் இருந்தார். முதல் இரவு கட்டில் கிடைக்கவில்லை, தரையில் பாய்தான். தள்ளுவண்டி தள்ளியவர் கை நீட்டினார். எனினும் மறுநாள் மூத்த மருத்துவர் தம் மாணவர்களுடன் வந்து நெடுநேரம் சோதித்தார். ஒரு விரலை அகற்றிக் காலைக் காப்பாற்றினார்கள். மருந்துக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. அந்த அம்மாவோ அழுதுகொண்டிருந்தார். "கைநாட்டு வாங்கினார்கள், எதற்கென்று சொல்லவில்லை. கட்டுப் பிரித்தபோதுதான் விரல் இல்லையென்று தெரிந்தது" என்றார்.

அவ்விடங்களின் பெயர் இங்கு வேண்டியதில்லை. இரண்டிலும் வைத்தியத்தில் குறையில்லை. ஓரிடத்தில் செலவைப் பற்றிய சொல் இல்லை. மற்றோரிடத்தில் சிகிச்சையைப் பற்றிய சொல் இல்லை. கேட்டுச் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால் இரு கண்ணீரும் குறைந்திருக்கும்.

அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் சிறப்பு மருத்துவர்கள் இருக்கின்றனர். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதற்கென்றே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது.

தனியாரை நாடுவோருக்கும் வழியுண்டு. 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துகளைக் காணும் நாம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பு.

அந்தப் பெரியவரின் வீட்டில் காப்பீட்டு அட்டை இல்லை. எடுத்து வைக்கும்படி நாமும் ஒருநாளும் சொன்னதில்லை. அடகுக்குப் போன அந்த நகையில் நம் அலட்சியமும் கலந்திருக்கிறது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு காப்பீட்டு அட்டை பெறுவதற்கு ஏழை வீடுகளுக்கு நம் இளைஞர்கள் உதவ வேண்டும். இரண்டு: எந்த மருத்துவமனையானாலும், படிக்கத் தெரிந்த ஒருவர் நோயாளியுடன் சென்று, கையெழுத்திடும் முன் "என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும்?" என்று பணிவுடன் கேட்க வேண்டும். பெண்களுக்குப் பெண்களே செல்லட்டும். மூன்று: நலம் விசாரிக்கச் செல்பவர், பழத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், வீட்டார் சற்று உறங்கும் வரையாவது துணையிருக்க வேண்டும்.

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அக்கடமை வாசலோடு முடிவதில்லை. அதை முழுமையாக நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.