மக்தபில் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

 

 

நம் மஹல்லாக்களில் பிள்ளைகள் மக்தபுக்கு வருவது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். பள்ளிக்கூடமும் டியூஷனும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய ஒரு மணி நேரம். வாரத்திற்கு 5 நாட்கள், ஆண்டிற்கு 40 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் 200 மணி நேரம் ஆகிறது. ஐந்து வயதில் சேர்ந்த பிள்ளையை, எட்டாம் வகுப்பு முடிந்ததும் "இனி பாடம் அதிகம்" என்று நிறுத்தி விடுகிறோம். ஆக மொத்தம் எட்டு ஆண்டுகளில் 1,600 மணி நேரம். நம்மில் பலருக்கு வாழ்நாள் முழுமைக்குமான மார்க்கக் கல்வி இவ்வளவுதான்.

இந்த நேரத்தில் எதைக் கற்பிப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அமர்ந்து பேசிய நிர்வாகங்கள் எத்தனை? பள்ளிவாசல் தரைக்கு எந்த நிற டைல்ஸ் பதிப்பது என்பதற்கு மூன்று கூட்டங்கள் நடக்கின்றன!

நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது ஒரு வரிசையை வகுத்துக் கொடுத்தார்கள். முதலில் ஏகத்துவம், அதை ஏற்றுக்கொண்டால் ஐவேளைத் தொழுகை, அதற்கும் கட்டுப்பட்டால் ஜகாத். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடுமாறு சொல்லவில்லை. ஜுன்துப் (ரலி) அவர்கள் தம் இளமைப் பருவத்தைப் பற்றிக் கூறும் செய்தி இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானைக் கற்றோம், பின்னர் குர்ஆனைக் கற்றபோது அதனால் எங்கள் ஈமான் வளர்ந்தது என்ற கருத்தில் அவர்கள் அறிவிக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? ஐவேளைக் கடமையான தொழுகையில் 17 ரக்அத்துகள். அப்படியானால் நாளொன்றுக்கு 17 முறை ஃபாத்திஹா ஓதப்படுகிறது. காயிதாவை முடித்து, முப்பது ஜுஸ்உவையும் பார்த்து ஓதி, மிட்டாய் வழங்கி கத்தம் செய்த பிள்ளையிடம் அந்த ஏழு வசனங்களின் பொருளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழிக்கும். ஓதக் கற்பிப்பது வேண்டாம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. குர்ஆனை ஓதுவதே வணக்கம்தான். ஓதுவதோடு நின்றுவிடுகிறோமே என்பதுதான் கவலை.

இந்தக் கவலை புதிதன்று. இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377ஆம் ஆண்டு எழுதிய 'முகத்திமா'வில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மஃரிபு நாட்டார் சிறுவர்களுக்குக் குர்ஆனை மட்டும் கற்பித்ததையும், அந்தலூஸ் மக்கள் அதனுடன் எழுத்து, கவிதை, அரபு இலக்கணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பித்ததையும் அவர்கள் ஒப்பிடுகிறார்கள். முதலில் மொழியையும் கணக்கையும் கற்பித்துவிட்டுப் பிறகு குர்ஆனுக்கு வர வேண்டும் என்று காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) கூறிய யோசனையையும் எடுத்துக்காட்டி, நல்ல யோசனை என்று பாராட்டுகிறார்கள். ஆனால் மக்களின் வழக்கம் அதற்கு இடம் தராது என்றும் சொல்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? பிள்ளை வளர்ந்ததும் கைமீறிப் போய்விடுவான்; சொல் கேட்கும் வயதிலேயே குர்ஆனை ஓத வைத்துவிட வேண்டும் என்ற பெற்றோரின் அச்சம். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த அச்சம் அப்படியே இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் ஓதலுக்குக் கொடுங்கள். எஞ்சிய இருபது நிமிடத்தில் ஓதிய சிறு சூராவின் பொருள், ஹவ்ழில் உட்கார வைத்து உளூ, ஒரு நபியின் வரலாறு. பிள்ளைகள் கேள்வி கேட்க வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்கப் பிள்ளைக்குத் துணிவு வேண்டுமே! பிரம்பைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும் பிள்ளை எதைக் கேட்கும்?

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் தொழுகையின் நடுவில் தும்மியவருக்கு வாய்விட்டுப் பதில் துஆச் செய்துவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள், தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுது முடித்த நபி (ஸல்) அவர்கள் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகை மனிதப் பேச்சுக்குரிய இடமல்ல, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுவதும்தான் என்று விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று அந்தத் தோழர் சாட்சி சொல்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒத்த வயதுடைய இளைஞர்களும் மதீனா வந்து 20 இரவுகள் தங்கிப் படித்தார்கள். வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை அவர்கள் சொல்லாமலேயே நபி (ஸல்) அவர்கள் உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, திரும்பிச் சென்று குடும்பத்தாருடன் இருந்து அவர்களுக்குக் கற்பிக்குமாறு அனுப்பி வைத்தார்கள். படிப்பு இன்னும் பாக்கி இருக்கிறதே என்று பிடித்து வைக்கவில்லை. மாணவனின் முகத்தைப் படிக்கத் தெரிந்த ஆசான்!

நம் மக்தபில் தந்தை வளைகுடாவில் இருக்கும் பிள்ளை உண்டு. தாய் தந்தை பிரிந்து, நன்னியின் வீட்டில் வளரும் பிள்ளை உண்டு. யத்தீம் உண்டு. திக்கித் திக்கி ஓதுவதால் மற்றவர்கள் சிரிக்க, தலை குனியும் பிள்ளை உண்டு. சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரு கூலி என்று ஹதீஸ் இருக்கிறதே, அதை அந்தப் பிள்ளையின் முன்னால், எல்லோரும் கேட்க உஸ்தாத் சொல்ல வேண்டாமா? முத்தவல்லியின் மகனுக்கு முன்வரிசை, மீன் விற்பவரின் மகனுக்குத் தூணுக்குப் பின்னால் இடம் என்றால், 'அபஸ' சூரா எதற்காக இறங்கியது என்று சற்று யோசியுங்கள். கண் தெரியாத ஒரு தோழர் கற்றுக்கொள்ள ஆர்வத்துடன் வந்தபோது, குறைஷித் தலைவர்கள் பக்கம் கவனம் இருந்ததற்காக இறங்கிய சூரா அது.

"பத்து வயதில் அடிக்கலாம் என்று ஹதீஸே இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கட்டளை பெற்றோருக்கு; தொழுகை விஷயத்தில். அதுவும் ஏழு வயது தொடங்கி ஏவிய பின்னர். மூன்று ஆண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட தொழுகை வேளைகள் வருகின்றன. அத்தனை முறை அன்போடு அழைத்த தந்தை எவரேனும் இருந்தால் கை உயர்த்துங்கள், பார்ப்போம்! ஸபக் மறந்ததற்காகப் பிரம்பெடுப்பதற்கு அது ஆதாரமாகாது. கடுமையில் வளரும் மாணவன் பொய்யையும் ஏமாற்றையும்தான் கற்கிறான் என்று இப்னு கல்தூன் (ரஹ்) அன்றே எச்சரித்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. சட்டம் விலக்கியதால் மறுமையின் கேள்வியும் விலகிவிடுமா?

நம் மதரஸாக்களில் ஷவ்வாலில் புதிய பாடம் தொடங்கும். அதற்கு முன் ஷஅபானிலேயே நிர்வாகிகளும் உஸ்தாதுமார்களும் ஓர் இரவு அமருங்கள். தாய்மார்களையும் திரைக்கு அப்பால் அமர வைத்துக் கருத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் போதும். அதில் பிள்ளையின் பெயர், அது எதுவரை ஓதியிருக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, வீட்டில் யாருடன் இருக்கிறது ஆகியவற்றை எழுதி, ஷவ்வால் முதல் வகுப்புக்கு முன் உஸ்தாதின் கையில் கொடுங்கள்.