தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

வீட்டுக்குள் ஸ்னேக் பிளான்ட் வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தொட்டி, என்ன மண், எவ்வளவு வெளிச்சம் என்று வரிசையாகச் சொல்லலாம்தான். ஆனால் செடி பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே புகாரோடுதான் வருகின்றன: "இலை சாயுது, என்ன பண்றது?" அதனால் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

நான் அதிகமாகப் போவது கே.கே. நகர் வீடுகளுக்கு. ஹவுசிங் போர்டு மனைகளில் ஒரு காலத்தில் முருங்கையும் செம்பருத்தியும் நின்ற இடமெல்லாம் இன்று அடுக்குமாடி. மண்தரை போய்விட்டது, செடி ஆசை போகவில்லை. அந்த ஆசை டிவி பக்கத்தில் ஒரு வெள்ளை செராமிக் தொட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பி.டி. ராஜன் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு தொட்டி. மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு இலை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அந்த அம்மா, "தம்பி, தினம் ஒரே ஒரு டம்ளர்தான் ஊத்தறோம். குறைச்சலா இருக்கோ?" என்று கேட்டார்.

இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. மேல்பாதி பச்சையாக, விறைப்பாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அடிப்பகுதி மட்டும் பழுப்பாகி, நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி தொளதொளத்துப் போயிருந்தது. ஒரு புளித்த வாடை வேறு. பிறகு தொட்டியைத் தூக்கினேன். உள்ளே நர்சரிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றிச் செராமிக் தொட்டி. செராமிக்கில் அடியில் ஓட்டை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் கணிசமான தண்ணீர் நின்றது. கூழாங்கல் மூடியிருந்ததால் மண்ணின் ஈரமும் யார் கண்ணிலும் படவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி இருந்தால், இந்தப் பேச்சு முடிந்ததும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். லேசாக இருந்தால், விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் ஊற்றலாம். கோடையில் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒரு முறைகூட அதிகம். வெளிச்சம் குறைந்த மூலையில் மண் காய இன்னும் நாளாகும். காலண்டரை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள்.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் இது எப்படிப் பிழைக்கிறது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்று வாங்கும், கூடவே ஈரத்தையும் இழக்கும். இது பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் சமையலைத் தொடங்குகிறது. இதன் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் கற்றுக்கொண்ட பழக்கம். "ராத்திரியில் ஆக்சிஜன் கொடுக்கும், படுக்கையறையில் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தச் சங்கதியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான். ஆக்சிஜன் வெளிவருவது வெளிச்சத்தில்தான். செடி காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் நடந்த சோதனை. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனைச் செடிகளால் பெற வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செடியை அழகுக்காக வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

இலை நுனி மட்டும் பழுப்பாகிக் காய்கிறதா? நம்ம ஊரில் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். போர் தண்ணீரில் உப்பு. மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் சாட்சி. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து இருப்பது அதில்தானே! அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, பக்கெட் வைத்துப் பிடித்துச் செடிக்கு விடலாம். மழைத்தண்ணீர் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஹாலில் இருந்த செடியை அக்னி நட்சத்திரத்தில் திடீரென்று மேற்குப் பால்கனிக்கு மாற்றினால் இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகும். அந்தத் தழும்பு மறையாது. இடுக்குகளில் பஞ்சு மாதிரித் தெரிந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தால் அடங்கிவிடும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் அவற்றுக்கு வாந்தி வரும்.

சரி, அந்த அழுகிய இலைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த அம்மா அதைக் குப்பைக்கூடையில் போடப் போனார். "இருங்கம்மா" என்று வாங்கி, சுத்தமான கத்தியால் அழுகல் முழுவதும் போகும்படி, நல்ல பச்சை தெரியும் வரை வெட்டினேன். மீதியை நான்கு அங்குலத் துண்டுகளாக்கினேன். ஒவ்வொரு துண்டிலும் அடிப்பக்கம் எது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. நிழலில் மூன்று நாள் காயவிட்டு, வெட்டுவாய் உலர்ந்த பிறகு, ஆற்று மணலும் கோகோபீட்டும் கலந்த கலவையில் ஒரு அங்குலம் புதைத்தால் போதும். ஒரு மாதம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிடுங்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், பார்க்காதீர்கள். மண்ணுக்கடியில் முதலில் வேர், பிறகு ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கிழங்கு, அதன் முனையிலிருந்து கூராக ஒரு குட்டி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இந்தக் கிழங்குக்கு இருக்கிற பலம் சாதாரணமில்லை. இடம் போதவில்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியையே வெடிக்க வைத்துவிடும்.

அந்த அம்மா வீட்டுச் செடி மஞ்சள் ஓரம் கொண்ட 'லாரென்டி' வகை. சில மாதம் கழித்துக் குட்டிகள் வந்தபோது போன் செய்தார். "தம்பி, மஞ்சள் எங்கே? வேற செடியை வெச்சுட்டீங்களா?" குட்டிகளெல்லாம் முழுப் பச்சை! ஏமாற்று எதுவும் இல்லை. ஓரத்தின் மஞ்சள் திசுவும் நடுவின் பச்சைத் திசுவும் மரபணுவில் ஒன்றல்ல, ஒரே இலைக்குள் இரண்டு ஒட்டி வாழ்கின்றன. துண்டிலிருந்து கிளம்பும் குட்டி உள்ளிருக்கும் பச்சைத் திசுவில் பிறப்பதால் பச்சையாகவே வருகிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். சில நேரம் குட்டி தானாகவே மாறியும் வரும்: உயரமே வளராமல் பூப்போல விரியும் 'ஹானி' வகை அப்படி வந்ததுதான். 1939-இல் நியூ ஆர்லியன்ஸ் நர்சரி ஒன்றில் ஒருவர் கண்ணில் பட்டது, 1941-இல் அதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். உங்கள் தொட்டியில் ஒரு குட்டி விநோதமாக வந்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்!

இதன் உறவுக்காரச் செடி நம் மண்ணிலேயே இருக்கிறது. காட்டுப்பக்கம் மரல் என்று சொல்வார்களே, அதுதான். 1776-இல் மெட்ராஸுக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரைத்தான் தாவரவியலில் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதன் நாரில் வில்லுக்கு நாண் முறுக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு முழு உரையே பேசலாம், ஆனால் ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள்.

ஆகவே அவசரமாக: ஓட்டையுள்ள தொட்டி, காய்ந்தபின் தண்ணீர், நல்ல வெளிச்சம், இலைமேல் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது. மழைக்காலம் தொடங்குமுன் பால்கனித் தொட்டிகளைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். சாய்ந்த இலை ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெட்டிக் காயவையுங்கள். சில மாதத்தில் குட்டி வந்துவிடும் என்று நம்புகிறேன். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.